சூடானதும் செல்ஃப் எடுக்க மறுக்கும் 1998 மாருதி 800: பேட்டரியும் மாற்றியாயிற்று, மோட்டாரும் பார்த்தாயிற்று

நெல்லைச்சாலை | ஜூன் 2

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1998-இல் வாங்கிய மாருதி 800 இன்றும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. எஞ்சினில் குறையொன்றும் இல்லை. காலையில் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் அரைச் சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும். சிக்கல் தொடங்குவது வண்டி நன்றாகச் சூடான பிறகுதான். திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் போகும் வழியில் ஆலங்குளத்தில் தேநீருக்காகப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மீண்டும் சாவியைத் திருப்பினால், சில நேரம் ஒரே ஒரு "டக்" ஓசை கேட்கிறது, சில நேரம் அதுவும் இல்லை. செல்ஃப் சுற்றுவதே இல்லை. ஆனால் டாஷ்போர்டு விளக்குகள் எரிகின்றன, ஹாரன் கணீரென்று ஒலிக்கிறது. யாராவது இருவர் தள்ளிக் கொடுத்தால், இரண்டாம் கியரில் கிளட்சை விட்டதும் வண்டி உயிர் பெற்றுவிடுகிறது. தள்ள ஆள் இல்லாமல் நாற்பது நிமிடம் காத்திருந்தாலோ, ஒன்றும் நடக்காததுபோல் தானாகவே செல்ஃப் எடுக்கிறது.

பணிமனையில் முதலில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். புதிய 35 ஆம்பியர்-மணி பேட்டரி போட்டேன். கோளாறு தீரவில்லை. பிறகு செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் ஒழுங்காக ஓடிவிட்டு இப்போது பழையபடி நிற்கிறது. இரண்டுக்கும் சேர்த்து எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழிந்துவிட்டது. அடுத்ததாகப் புதிய செல்ஃப் மோட்டாரே போட்டுவிடலாம் என்கிறார்கள். அதற்குமுன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

கொங்குவண்டி | ஜூன் 2

புதிய பேட்டரி என்பதாலேயே அது நல்ல பேட்டரி என்று முடிவுகட்ட வேண்டாம். கடையில் பல மாதம் கிடந்து, சார்ஜ் இறங்கி, தகடுகளில் சல்பேட் படிந்த பேட்டரியை "புதிது" என்று விற்பது புதுமையல்ல. நிறுத்திய நிலையில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால், 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். மூடி திறக்கக்கூடிய பேட்டரியானால் ஹைட்ரோமீட்டர் (அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) வைத்து ஆறு செல்களையும் தனித்தனியே பாருங்கள். ஒரு செல் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் குறைவாகக் காட்டினால் அந்த செல் போய்விட்டது. என் ஊகம் பேட்டரிதான்.

பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் | ஜூன் 3

பேட்டரி கெட்டிருந்தால் அது குளிர்ந்த காலை வேளையில்தான் முதலில் காலை வாரும். எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது எஞ்சினைச் சுற்றுவது கடினம், சூடானபின் எளிது. இவருடைய வண்டி நேர்மாறாக நடந்துகொள்கிறது. அதனால் பேட்டரியை நான் கடைசியில்தான் சந்தேகிப்பேன்.

நெல்லைச்சாலை அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி ஒரு பொருளையும் வாங்காதீர்கள். அடுத்த முறை வண்டி மறுக்கும்போது ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, எதிரே ஒரு சுவரைப் பார்த்தபடி சாவியைத் திருப்புங்கள். விளக்கு முற்றிலும் மங்கிச் செத்துவிட்டால், பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது பேட்டரியின் முனைப்பிடிப்பு சரியில்லை. "டக்" என்று உரத்த ஓசை வந்து விளக்கு சற்றே மங்கினால், மின்சாரம் சொலினாய்டு (செல்ஃப் மோட்டாரின் முதுகில் இருக்கும் மின்காந்த சுவிட்ச்) வரை வந்துவிட்டது. அதற்குப் பிறகு உள்ள தாமிரத் தட்டோ கார்பன் பிரஷ்ஷோ வேலை செய்யவில்லை. விளக்கு கொஞ்சமும் மங்காமல் அப்படியே எரிந்தால், செல்ஃபுக்குப் போகவேண்டிய கட்டளையே போய்ச் சேரவில்லை. "கடகடகட" என்று தொடர்ந்து அடித்துக்கொண்டால் அது வேறு கதை. அங்கே பெரும்பாலும் பேட்டரியோ எர்த்தோ (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை) பலவீனம். சொலினாய்டு இழுத்ததும் மோட்டார் குடிக்கும் மின்சாரத்தில் வோல்ட் விழுகிறது, சொலினாய்டு கைவிடுகிறது, வோல்ட் மீள்கிறது, மறுபடி இழுக்கிறது.

ஒரு நல்ல மல்டிமீட்டர் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைப்பதே போதும்.

அம்பாசடர்67 | ஜூன் 3

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? எங்கள் அம்பாசடரில் இப்படி வந்தபோது ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரால் சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்களையும் இணைத்தேன். பொறி பறந்து மோட்டார் சுற்றியது. அது சுற்றினால் மோட்டார் நல்லது என்று அர்த்தம். அந்தக் காலத்து வண்டிகளில் முன்பம்பர் வழியாக ஹேண்டில் போட்டுச் சுற்றவும் முடிந்தது. செல்ஃப் போனாலும் யாரும் கவலைப்பட்டதில்லை.

பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் | ஜூன் 3

ஹேண்டில் போட்டுச் சுற்றி, எஞ்சின் திருப்பி அடித்ததில் மணிக்கட்டை முறித்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்தான் தப்பித்தார்கள்.

ஸ்க்ரூ டிரைவர் வைத்தியம் இந்த வண்டிக்கு வேண்டாம். பெரிய போல்ட் இரண்டையும் இணைத்தால் மோட்டார் சுற்றும், ஆனால் பல் சக்கரம் முன்னால் வந்து எஞ்சினோடு சுற்றும் பெரிய சக்கரமான ஃப்ளைவீலைக் கவ்வாது. மோட்டார் சுமையில்லாமல் வெறுமனே சுற்றுவதை வைத்து அது நல்லது என்று சொல்லிவிட முடியாது. மாறாக, சாவியிலிருந்து வயர் வந்து சேரும் சொலினாய்டின் சிறிய முனைக்கு மின்சாரம் கொடுத்தால் முழு செல்ஃபும் இயங்கும். அந்த நேரத்தில் வண்டி கியரில் இருந்துவிட்டால் நம் மீதே பாயும். நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டுத்தான் பானெட்டுக்குள் கையை விடவேண்டும்.

நெல்லைச்சாலை | ஜூன் 6

ஐயா சொன்னபடி செய்தேன். நேற்று நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவந்து வீட்டு வாசலிலேயே நிறுத்தி, கால் மணி நேரம் கழித்துத் திருப்பினேன். முதல் இரண்டு முறை மெலிதாக "டக்", பிறகு ஓசையே இல்லை. ஹெட்லைட் சுவரில் கொஞ்சம்கூட மங்கவில்லை. மங்குவதுபோல் தோன்றியது என்று மகள் சொன்னாள், எனக்குத் தெரியவில்லை.

பேட்டரி நிறுத்திய நிலையில் 12.6 வோல்ட். இன்று காலை குளிர்ந்த எஞ்சினில் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் 10.3 வோல்ட். எஞ்சின் ஓடும்போது 14.1.

பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் | ஜூன் 6

மிக்க நன்று. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழாத பேட்டரி நல்ல பேட்டரி, உங்களுடையது 10.3. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவும் (ஆல்டர்னேட்டர்) 14.1 கொடுக்கிறது. கொங்குவண்டி அவர்கள் மன்னிக்க வேண்டும், பேட்டரி குற்றவாளி அல்ல.

இப்போது செல்ஃப் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சூட்டுக்கும் இந்தக் கோளாறுக்கும் உள்ள தொடர்பு அங்கேதான் இருக்கிறது. மோட்டாரின் முதுகில் உருளை வடிவில் இருக்கும் சொலினாய்டுக்குள் இரண்டு சுருள்கள் உள்ளன. ஒன்று இழுக்கும் சுருள், மற்றொன்று பிடித்துக்கொள்ளும் சுருள். சாவியைத் திருப்பியதும் சிறிய முனை வழியாக வரும் மின்சாரம் இரண்டிலும் ஓடி, இரும்புத் தண்டை உள்ளே இழுக்கிறது. தண்டின் ஒரு முனை பல் சக்கரத்தை ஃப்ளைவீலை நோக்கித் தள்ளுகிறது. மறுமுனையில் உள்ள தாமிரத் தட்டு இரண்டு பெரிய போல்ட்களையும் இணைத்து மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. தட்டு இணைந்த மறுகணமே இழுக்கும் சுருளின் இரு முனைகளிலும் ஒரே வோல்ட் வந்துவிடுவதால் அதில் மின்சாரம் நின்றுவிடும். அதன்பின் பிடிக்கும் சுருள் மட்டும் சிறிதளவு மின்சாரத்தில் தாங்கிக்கொள்ளும். ஆக, சொலினாய்டு அதிகம் கேட்பது அந்த முதல் இழுப்பின் போதுதான். சிறிய வண்டிக்கே அது சுமார் 20 ஆம்பியர் கேட்கும். அந்த 20 ஆம்பியரும் உங்கள் சாவி சுவிட்ச் வழியாகவே போய்வருகிறது.

இனி சூடு. தாமிரக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். 30 டிகிரியில் இருந்த சுருள் எஞ்சின் சூட்டில் 90 டிகிரிக்குப் போனால் அதன் தடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிடும். அதற்கேற்ப இழுக்கும் பலம் குறையும். புதிய வண்டியில் 12 வோல்ட் முழுதாக வந்து சேர்வதால் இது தெரியாது. பழைய வண்டியில் வழியிலேயே பாதி தொலைந்துவிட்டால், குளிர்ந்திருக்கும்போது எப்படியோ இழுத்துவிடும் சொலினாய்டு, சூடானதும் தோற்றுவிடும். நாற்பது நிமிடத்தில் ஆறியதும் மறுபடி ஜெயிக்கும்.

எனவே அளக்கவேண்டியது சொலினாய்டின் சிறிய முனையில், சாவி திருப்பிய நிலையில், வண்டி மறுக்கும் அந்த நேரத்தில்.

மைனர்1000_யாழ் | ஜூன் 7

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் இருப்பது மொறிஸ் மைனர். அதில் சொலினாய்டு என்ற ஒன்றே இல்லை, டாஷ்போர்டில் உள்ள குமிழை இழுத்தால் ஒரு கேபிள் நேரே ஸ்ராட்டர் சுவிட்சை அழுத்தும். ஆனாலும் ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையில் உள்ள பின்னல் எர்த் வயர் உக்கிப் போனால், ஸ்ராட்டர் எடுத்த மின்சாரம் பற்றரிக்குத் திரும்பப் பாதை இல்லாமல் கிடைத்த வழியில் போகும். எனக்கு நடந்தது இது: சோக் கேபிள் இறுகிவிட்டது என்று புதிதாகப் போட்டேன்; இரண்டு மாதத்தில் அதுவும் இறுகியது. மூன்றாவது தடவை இரவில் ஸ்ராட் பண்ணியபோது டாஷ்போர்டுக்குக் கீழே மெல்லிய புகை வந்தது, கேபிளின் உலோக உறையைத் தொட்டால் கை சுட்டது. ஸ்ராட்டரின் முழு மின்சாரமும் அந்தக் கேபிள் வழியாகத்தான் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. உக்கிப்போன எர்த்தை மாற்றிய பிறகு இன்றுவரை சோக் கேபிள் மாற்றவில்லை.

உங்களுடைய காரில் கிளட்ச் கேபிளையும் அக்சிலேற்றர் கேபிளையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். இன்னொன்று: எங்களுடையதைப் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்களில் பற்றரியின் பிளஸ் முனைதான் எர்த். இந்த இழையைப் படித்துவிட்டு மைனரில் மைனஸ் முனையைத் தேடி அளக்கிறவர்கள் கவனமாக இருங்கள். 90-களில் பெற்றோல் வராத காலத்தில் இந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஸ்ராட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல் ஊற்றுவோம். அந்தக் கொஞ்சப் பெற்றோல் தீர்வதற்குள் ஸ்ராட்டர் பிடித்தே ஆகவேண்டும் என்பதால், எர்த்தின் அருமை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

நெல்லைச்சாலை | ஜூன் 9

யாழ்ப்பாண நண்பருக்கு நன்றி. உங்கள் பதிவைப் படித்ததும் கீழே படுத்துப் பார்த்தேன். பின்னல் எர்த் வயர் இருக்கிறது. ஆனால் உடலோடு இணையும் இடத்தில் எப்போதோ பெயின்ட் அடித்தபோது போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் ஏறியிருக்கிறது. வயரின் இழைகளில் பாதி பச்சை பூத்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை செல்ஃப் மோட்டாரின் உடம்பிலும் வைத்து, மகளைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 0.9 வோல்ட் காட்டியது. புதிய பின்னல் வயர் வாங்கி, இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, பல் வாஷர் வைத்து முறுக்கினேன். இப்போது 0.1 வோல்ட். செல்ஃபின் ஓசையே மாறிவிட்டது. முன்பு இழுத்து இழுத்துச் சுற்றியது இப்போது விறுவிறுவென்று சுற்றுகிறது. கோளாறு பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் | ஜூன் 9

செய்தது நல்ல வேலை. எர்த் பக்க இழப்பு 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது, 0.9 என்பது பெரிய களவு. ஆனால் நான் இப்போதைக்குக் கொண்டாட மாட்டேன். அந்த 0.9 வோல்ட் மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும்போது அளந்தது. அப்போது நூறு ஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கோளாறோ மோட்டார் சுற்றுவதற்கு முன்பே, சொலினாய்டு இழுக்கும்போதே நிகழ்கிறது. அந்த நேரத்தில் ஓடுவது வெறும் 20 ஆம்பியர். அதே எர்த் தடையில் 20 ஆம்பியருக்கு இழப்பு 0.2 வோல்ட்டுக்குக் கீழேதான் இருந்திருக்கும். அவ்வளவு சிறிய இழப்பை மீட்டதால் தீர்ந்துவிடும் கோளாறாக இது எனக்குத் தோன்றவில்லை. சிறிய முனையை அளக்கச் சொல்லியிருந்தேன். அதை நீங்கள் இன்னும் அளக்கவில்லை.

ஏரிக்கரை | ஜூன் 11

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் 800 ஒரு வாரம் நிறுத்திவைத்தாலே பேட்டரி இறங்கிவிடுகிறது. அதற்கும் எர்த் காரணமாக இருக்குமா?

பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் | ஜூன் 11

இருக்காது. அது கசிவு. பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, மீட்டரை ஆம்பியரில் வைத்து இடையே இணையுங்கள். கதவுகள் மூடியிருக்கட்டும், அந்த நிலையில் சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. 0.2 ஆம்பியர் ஓடினால் 35 ஆம்பியர்-மணி பேட்டரி 175 மணி நேரத்தில், அதாவது ஏறத்தாழ நீங்கள் சொல்லும் ஒரு வாரத்தில், காலியாகிவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில் தேடுங்கள். பிறகு பொருத்திய பாட்டுப்பெட்டிதான் பெரும்பாலும் அகப்படும்.

நெல்லைச்சாலை | ஜூன் 21

ஐயா சொன்னதே நடந்தது. பன்னிரண்டு நாள் நன்றாக ஓடிய வண்டி நேற்று பாவூர்சத்திரத்தில் காய்கறி வாங்க நிறுத்திய இடத்தில் மறுத்துவிட்டது. வெயில் கொளுத்தியது, சந்தைக்கு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டார்கள். ஆனால் இந்த முறை மீட்டரைக் கையோடு வைத்திருந்தேன். தள்ளுவதற்கு முன்பு பானெட்டைத் திறந்து, மனைவியைச் சாவி திருப்பச் சொல்லி அளந்தேன். பேட்டரி முனைகளில் 12.3 வோல்ட். சொலினாய்டின் சிறிய முனைக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையே 7.9 வோல்ட் மட்டுமே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் சிறிய வயரைக் கழற்றிவிட்டு அதன் முனையை மட்டும் அளந்தபோது 12.2 வோல்ட் இருந்தது. இணைத்தால் 7.9, கழற்றினால் 12.2. இது எனக்குப் புரியவில்லை.

பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் | ஜூன் 21

உங்கள் பணிமனையில் ஏமாந்ததும் இங்கேதான் இருக்கும். வயரைக் கழற்றி அளந்தவர் "12 வருகிறது, வயர் நல்லது, மோட்டார்தான் கெட்டது" என்று முடிவு செய்திருப்பார். மல்டிமீட்டர் மின்சாரத்தை எடுப்பதே இல்லை எனலாம். ஐம்பது இழைகளில் ஒரே ஒரு இழை மிஞ்சிய வயரிலும் அது 12 வோல்ட் காட்டும். குழாயைத் திறக்காமல் அழுத்தமானியைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் தாராளமாக வருகிறது என்று சொல்வதைப் போன்றது அது. சுமை இணைந்திருக்கும்போது அளந்த 7.9 தான் உண்மை.

12.3-இல் 7.9 போக 4.4 வோல்ட் வழியில் தொலைந்திருக்கிறது. எங்கே தொலைகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். மீட்டரின் சிவப்பு முனை பேட்டரி பிளஸில் இருக்கட்டும். கறுப்பு முனையை முதலில் சாவி சுவிட்சின் பின்னால் பேட்டரி வயர் நுழையும் இடத்திலும், அடுத்து அதே சுவிட்சிலிருந்து செல்ஃபுக்கு வெளியேறும் இடத்திலும், கடைசியாகச் சொலினாய்டின் சிறிய முனையிலும் வைத்து, ஒவ்வொரு முறையும் சாவியைத் திருப்பிப் படியுங்கள். எஞ்சின் பிடித்துவிடாமல் இருக்க இக்னிஷன் காயிலுக்குப் போகும் சிறு வயரைக் கழற்றிவிடுங்கள். மோட்டார் சுற்றாமல் சொலினாய்டு மட்டும் இழுக்கும் நிலை வேண்டும் என்பதால், வண்டி சூடாக, மறுக்கும் நிலையில் இருக்கும்போது அளப்பது முக்கியம்.

நெல்லைச்சாலை | ஜூன் 24

அளந்துவிட்டேன். சுவிட்சுக்கு வரும்போதே 1.3 வோல்ட் இழப்பு. சுவிட்சைத் தாண்டியதும் அது 3.5 ஆகிறது. சொலினாய்டு முனையில் 4.4. அப்படியானால் சுவிட்சுக்குள் மட்டும் 2.2 வோல்ட் போகிறது என்று கணக்கிட்டேன். ஸ்டீயரிங்குக்கு அடியிலுள்ள உறையைக் கழற்றிப் பார்த்தபோது, சுவிட்சின் செருகி வெள்ளை பிளாஸ்டிக். அதில் செல்ஃப் வயர் நுழையும் துளையைச் சுற்றி மட்டும் பழுப்பு நிறம் ஏறி, பிளாஸ்டிக் சற்று உருகிச் சாய்ந்திருந்தது. இருபத்து சொச்சம் வருடத் திருப்பல்கள் அந்த ஓர் இடத்தில் பதிவாகியிருந்தன.

கொங்குவண்டி | ஜூன் 24

பேட்டரி பற்றி நான் சொன்னது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்போது தீர்வு எளிது: புதிய சாவி சுவிட்சும் செருகியும் போட்டால் முடிந்தது. யாராவது ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) போடச் சொன்னால் கேட்காதீர்கள். ரிலே என்பது நோயை மறைக்கும் மாத்திரை. நிறுவனம் கொடுத்த வயரிங்கை வெட்டி ஒட்டிய வண்டிகளில்தான் பின்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாத கோளாறுகள் வருகின்றன. ஹாரனுக்கு ஒன்று, பனிவிளக்குக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று என்று ரிலே போட்டு, பானெட்டுக்குள் சிலந்தி வலை மாதிரி வயர் தொங்கும் வண்டிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் | ஜூன் 25

சிலந்தி வலை பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. அது வேலை செய்தவரின் குற்றமே ஒழிய ரிலேயின் குற்றமல்ல. சுவிட்சை மாற்றினால் 2.2 வோல்ட் மீளும். சுவிட்சுக்கு முன்னால் தொலையும் 1.3-உம் பின்னால் தொலையும் 0.9-உம் அப்படியே இருக்கும். மூன்று மீட்டருக்கு மேல் நீளும் பழைய மெல்லிய வயரும் அதன் நடுவே உள்ள செருகிகளும்தான் அதற்குக் காரணம். அவற்றையெல்லாம் மாற்ற டாஷ்போர்டையே கழற்ற வேண்டும்.

ரிலேயின் கணக்கைப் பாருங்கள். 20 ஆம்பியருக்கு 4.4 வோல்ட் என்றால் அந்த வழியின் மொத்தத் தடை 0.22 ஓம். ரிலேயின் சுருளுக்கு வேண்டியது சுமார் 0.15 ஆம்பியர்தான். அதே 0.22 ஓம் வழியில் 0.15 ஆம்பியருக்கு இழப்பு 0.03 வோல்ட். சுவிட்சின் பழுதடைந்த தொடுமுனை இனிமேல் 20 ஆம்பியரைத் தூக்க வேண்டியதில்லை. அது கட்டளை மட்டும் கொடுக்கும், சுமையை ரிலே தூக்கும். இதை நோயை மறைப்பது என்று என்னால் சொல்ல முடியவில்லை. உருகிய செருகியை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள், அதில் கொங்குவண்டி சொல்வதே சரி. உருகிய பிளாஸ்டிக்கை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவைக்கக்கூடாது.

பொருத்தும் முறை: கடைகளில் கிடைக்கும் நாலு கால் 12 வோல்ட், 30 ஆம்பியர் ரிலே போதும். கால்களில் எண் அச்சிட்டிருக்கும். சொலினாய்டின் சிறிய முனைக்கு வந்துகொண்டிருந்த பழைய வயரை 86-க்குக் கொடுங்கள். 85-ஐ உடலில் சுத்தமான இடத்தில் எர்த் செய்யுங்கள். பேட்டரி பிளஸிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயர் எடுத்து, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்திலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, 30-க்குக் கொண்டுவாருங்கள். 87-லிருந்து அதே தடிமனான வயர் சொலினாய்டின் சிறிய முனைக்கு. பழைய வயரை வெட்டவே வேண்டாம். அதன் முனையில் உள்ள செருகிக்குப் பொருந்தும் எதிர்ச்செருகி வாங்கி இணைத்தால், நாளை ரிலே போனாலும் நடுவழியில் இரண்டு நிமிடத்தில் பழையபடி நேரே மாட்டிக்கொள்ளலாம். ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருக்கட்டும், தண்ணீர் தேங்காது. வேலை தொடங்குமுன் பேட்டரி மைனஸைக் கழற்றுவதை மறக்கவேண்டாம்.

கொங்குவண்டி | ஜூன் 25

எதிர்ச்செருகி வைத்து, வயரை வெட்டாமல் செய்வதானால் எனக்கு மறுப்பில்லை.

மைனர்1000_யாழ் | ஜூன் 26

ஒரு கேள்வி ஐயா. சாவியை விட்ட பிறகும் ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டு நின்றால் ஸ்ராட்டர் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்குமல்லவா?

பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் | ஜூன் 26

இருக்கும், அரிதாக நடக்கவும் செய்யும். அதனால் ரிலேயைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், பிடுங்கினால் நின்றுவிடும். முப்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப் பெயரில்லாத ரிலே வாங்காமல் இருந்தால் அந்த நிலை வருவது மேலும் அரிது.

நெல்லைச்சாலை | ஜூலை 5

ரிலே பொருத்தியாயிற்று. ரிலே, ஃபியூஸ் கூடு, வயர், லக், புதிய செருகி எல்லாம் சேர்த்து நானூற்று எழுபது ரூபாய். லக்குகளைக் குறடால் நசுக்காமல், ஊரிலுள்ள ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோய் உரிய கருவியால் அழுத்தி வாங்கினேன். அவர் அதற்குக் காசு வாங்கவில்லை, தேநீர் வாங்கிக் கொடுத்தேன். செருகியைக் கழற்றும்போது உள்ளே இருந்த பித்தளை முனை கறுத்து, நகத்தால் நெம்பியதும் துண்டாக வந்துவிட்டது.

நேற்று தென்காசி போய், அங்கே வெயிலில் பத்து நிமிடம் நிறுத்தி, எஞ்சின் கொதிக்கும் நிலையில் அளந்தேன். சாவி திருப்பியதும் சிறிய முனையில் 11.8 வோல்ட், அடுத்த எண்ணைப் படிப்பதற்குள் செல்ஃப் சுற்றத் தொடங்கிவிட்டது. திரும்பும் வழியில் பாவூர்சத்திரத்தில் வேண்டுமென்றே அதே காய்கறிக் கடை முன்னால் நிறுத்தினேன். தக்காளி வாங்கிக்கொண்டு வந்து சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. தள்ளுவதற்காக எழுந்து வந்த கடைக்காரர் பாதி வழியில் நின்றுவிட்டு, "என்ன அண்ணாச்சி, வண்டிய மாத்திட்டீகளா?" என்று கேட்டார்.